மயிரிழை வேலை

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது. பாக்ஸ்தான் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். வந்த கேபிள் அண்ணன் பாக்ஸைத் தொடவே இல்லை. "மொட்டை மாடிக்கு எப்படிப் போகணும் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கைப்பிடிச் சுவரோரம், ஒயர் வீட்டுக்குள் இறங்கும் இடத்தில் இருந்த கனெக்டரைத் திருகிக் கழற்றினார். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நடுக்கம்பி பச்சை பூத்திருந்தது. "களிம்பு ஏறிருச்சு. அம்புட்டு நீள ஒயருக்கும் ஒண்ணும் ஆகல. முனையில ஒரு விரக்கடை கெட்டுச்சு, படம் போச்சு. கோளாறு முக்கால்வாசி முனையிலதான் இருக்கும் தம்பி."

அந்தச் சொல் மனதில் நின்றுவிட்டது. ஒருநாள் கூடவே வரலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

முதல் வேலை புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில். எலக்ட்ரீஷியன் சுவருக்குள் பைப் போட்டு, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஒயர் இழுத்து, முனைகளைத் தொங்கவிட்டுப் போயிருந்தார். அண்ணன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு முனையை நேராக வெட்டி, வெட்டுவாயை என் பக்கம் திருப்பினார். நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் செம்பு நிறக் கம்பி. சுற்றிலும் நுரைபோல வெள்ளைப் பிளாஸ்டிக். அதன்மேல் அலுமினியத் தாள், பிறகு பின்னல் வலை, கடைசியாகக் கறுப்புத் தோல். எல்லாம் சேர்ந்து சுண்டுவிரல் அளவுகூட இல்லை. ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். கடையில் ஆர்ஜி 6 என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

ஸ்ட்ரிப்பரை மாட்டி நாலைந்து சுற்றுச் சுற்றினார். நுனியில் கால் அங்குலத்துக்கு நடுக்கம்பி மட்டும் நின்றது. அடுத்த கால் அங்குலத்தில் கறுப்புத் தோல் உரிந்து வலை தெரிந்தது. வலையின் இழைகளைக் கட்டைவிரலால் பின்னோக்கி மடித்துத் தோலின்மேல் படியவைத்தார். பிறகு ஒயரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எறிந்தார். "இது நடுக்கம்பியைத் தொட்டா ஷார்ட்டு. டிஷ் வச்ச வீடுன்னா இன்னும் மோசம். அங்க மாடிக்குக் கரண்டும் இதே ஒயர்லதான் போகுது." டிஷ்ஷின் முகப்பில் இருக்கும் கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தைப் பாக்ஸ்தான் இதே கம்பி வழியாக அனுப்புகிறது.

நடுக்கம்பியில் கத்தி படக்கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். அதற்கும் காரணம் உண்டு. டிவி சிக்னல்போன்ற உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலோடு ஓடுவது. அதனால்தான் பல ஒயர்களில் உள்ளே இரும்பு வைத்து, மேலே செம்பு பூசுகிறார்கள். மேற்பூச்சைச் சுரண்டினால் சிக்னல் ஓடும் பாதையையே சுரண்டியதாகிறது. ஈரத்தில் இரும்பும் துருப்பிடிக்கும்.

கனெக்டரை அழுத்தித் திருகி ஏற்றினார். உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பிளாஸ்டிக் உள்தளத்தோடு சமமாக நின்றது. நடுக்கம்பி வாயைத் தாண்டி 3 மில்லிமீட்டர்போல நீண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெரால்டு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் எரிக் வின்ஸ்டன் உருவாக்கிய எஃப் கனெக்டர் இது. தனியாக ஊசி எதுவும் இதில் கிடையாது. ஒயரின் நடுக்கம்பியே ஊசி. அதனால்தான் விலை குறைவு. அதனால்தான் வேலை முழுவதும் மாட்டுகிறவர் கையை நம்பி இருக்கிறது.

கம்ப்ரெஷன் டூலில் வைத்து அழுத்தினார். 'டக்' என்றது. இழுத்துப் பார்க்க என்னிடம் கொடுத்தார். அசையவில்லை. "திருகி மாட்டுற பின்னு, குறட்டால நசுக்குற பின்னு எல்லாம் பார்த்துட்டேன். நசுக்குனா வட்டம் கெட்டுரும்" என்றார். அவர் வட்டம் என்று சொன்னது பெரிய விஷயம். நடுக்கம்பிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்தால்தான் ஒயரின் 75 ஓம் மாறாமல் இருக்கும். நசுங்கிய இடத்தில், முறுக்கி மடித்த இடத்தில், சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடுகிறது.

அடுத்த வீட்டில் ஒரே லைனை மூன்று இடத்தில் பிரித்திருந்தார்கள். இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவான சக்திதான் போகும். பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். வீட்டுக்காரர் முன்கூட்டியே தெரிந்துகொள்வார். டிஜிட்டல் அப்படியில்லை. கடைசிவரை பளிச்சென்று காட்டிவிட்டு ஒரேயடியாக உடைந்துபோகும். அரைகுறையாக மாட்டிய முனை வெயிலில் தப்பித்து, முதல் மழையில் காட்டிக்கொடுப்பது இதனால்தான். அப்போது திட்டு வாங்குவது யார் மாட்டியதையோ சரிசெய்ய வந்து நிற்பவர்.

மாலையில் நானும் ஒன்று மாட்டினேன். அண்ணன் உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெட்டிப் போட்டார். வலையில் ஓர் இழை உள்ளே மடங்கியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத்தான் பையில் போட்டுக்கொண்டார். இந்த நிதானத்துக்கு யாரும் தனியாகக் கூலி தருவதில்லை. இணைப்புக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. அதுவும் இப்போது ஃபைபருக்கும் செல்போனுக்கும் ஆட்கள் போய்விட்டதால் குறைந்துவிட்டது. ஃபைபர் ஒட்டவும் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். "அதுவும் முனை வேலைதான் தம்பி" என்றார்.

எங்கள் வீட்டு முனையை மாற்றிய அன்று, ஒயரைச் சுவர்த் துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி மாட்டியிருந்தார். எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கார்த்திகையில் மறுபடி மழை பெய்தபோது மாடியேறிப் பார்த்தேன். ஒயர்வழி ஓடிவந்த தண்ணீர் அந்த வளைவின் அடியில் திரண்டு, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கனெக்டர் நனையவில்லை.