கவாத்தும் மொட்டையும்

கூனிமேடு, ஆவணி 12

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டு மரங்களை மொட்டையடிப்பது நம் கடற்கரை ஊர்களில் பரவலான வழக்கம். புயலில் மரம் சாயும் என்ற அச்சம் நியாயமானது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், ஒரே நாளில் அங்கு 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியது. ஆனாலும் வேம்பையும் பூவரசையும் முண்டமாக்குவது அவற்றைக் காப்பாற்றாது; சில ஆண்டுகளில் முன்னிலும் நொய்ந்த மரங்களாக்கிவிடும்.

வெட்டுவாயைப் பார்த்தால் காரணம் புரியும். நம் தோலைப் போல மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியை உள்ளேயே அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைப் பிளந்து பார்த்து, 1970-களில் இதை விளக்கினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினால் புண் நன்றாக மூடும். தண்டோடு ஒட்டச் சீவினால் அந்த அரண் போய்விடும். நீளக் கட்டையாக விட்டால் அது காய்ந்து அழுகும். நடுத்தண்டைத் துண்டிக்கும்போது அங்கே அத்தகைய வளையமே இல்லை, அழுகல் கீழிறங்குகிறது.

ஆவணி 14

குட்டையான மரத்தில் காற்றின் பிடி குறைவு என்பார்கள். முதல் ஆண்டுக்கு அது உண்மை. பிறகு, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து மரம் அவசரமாகத் தள்ளும் துளிர்க்கிளைகள் பட்டையோரத்தை மட்டுமே பற்றி நிற்பவை. அவை தடித்து, அடியில் அழுகலும் சேரும்போது, அடுத்த புயலில் முறிபவை அவையே. செழிப்பாகத் துளிர்ப்பதை ஆரோக்கியம் என்று எண்ணக்கூடாது. தார் பூசினால் அழுகாது என்பதும் ஷைகோவின் ஆய்வில் நிலைக்கவில்லை. வேர் பெயர்ந்து விழும் மரத்தைக் கவாத்து காக்காதே என்ற கேள்வி வலுவானது. ஊறிய மணலில் வேரின் பிடிதான் முக்கியம். சுவருக்காகவும் குழாய்க்காகவும் வேரை வெட்டாதிருப்பதே அதற்கு விடை. மின்கம்பியைத் தொடும் கிளையைக் குறைத்தே ஆகவேண்டும். அதையும் போதிய பருமனுள்ள பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டலாம்.

ஆவணி 15

கிளைகளில் பட்டவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை, இவற்றை முதலில் கழிக்க வேண்டும். முதிர்ந்த மரத்தில் ஓராண்டில் கால்பங்கு பச்சைக்கு மேல் எடுக்கக்கூடாது. கனத்த கிளைக்கு அடியில் முதலில் ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து அடுத்தது, பாரம் இறங்கியபின் வளையத்தருகே கடைசி வெட்டு. இல்லையேல் பட்டை தண்டுவரை உரிந்துவிடும். மாமரத்துக்கு அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்வது நல்லது. நுனிக்கிளையில் பூப்பதால், தாமதித்தால் அடுத்த காய்ப்பு குறையும். இந்தக் கரையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உப்புக்காற்றை முதலில் வாங்கும் கடலோரப் பக்கத்துத் தழைதான் உள்ளிலைகளுக்குக் காப்பு. அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் உள்ளேயும் கருகும்.

நிதானமாக வெட்டக் கூலி கூடும் என்பது உண்மை. ஆனால் மொட்டையடித்த மரம் மீண்டும் மீண்டும் வெட்டுக் கேட்கும். கடைசியில் அதை அகற்றவும் கூலி தரவேண்டும். பல பத்தாண்டுகள் நிழல் தந்த மரத்தின்மீது, எந்தக் கிளை, எந்த இடத்தில், ஏன் என்று சொல்ல முடியாத எவரும் அரிவாளைத் தூக்கக்கூடாது.