ஆடு தின்னாமல் விட்டவை

எங்கள் வளவில் எது பூக்கலாம் என்று முடிவு செய்பவை ஆடுகள். மாரி ஓய்ந்து தை பிறக்கும்போது, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள எங்கள் புளியங்கூடலின் வெறுங்காணிகளெல்லாம் முழங்காலளவு பச்சையாக நிற்கும். அவிழ்த்துவிட்ட ஆடுகள் அறுகையும் முசுட்டையையும் வாய்க்கு இதமான எல்லாவற்றையும் கறித்துக்கொண்டு போக, மாசி நடுவில் மிஞ்சுவது எருக்கலை, ஆடுதின்னாப்பாளை, தேட்கொடுக்கு, ஆவரசு, தும்பை, முள் நிறைந்த இயங்கு. நஞ்சு, நாற்றம், முள் என்று ஏதாவது ஒரு காவல் உள்ளவை மட்டும்தான் பூக்கும்வரை உயிரோடிருக்கும்.

இந்த வெறுங்காணிகள் ஒரு காலத்தில் வீட்டு வளவுகள். 1990களின் தொடக்கத்தில் போருக்குள் அகப்பட்டுத் தீவுப்பகுதி ஏறக்குறைய வெறுமையானது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றக் காணிகளின் உறுதிகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன. கிணற்றடியும் கூரையில்லாத சுவரும் கிளுவங்கதியால் வேலியும் நடுவில் புல்லுமாகக் கிடக்கும் இந்த இடங்களில்தான் நான் கமராவோடு திரிகிறேன். முற்றத்தில் ஒரு புல் தெரியாமல் செருக்கிக் கூட்டி வைத்திருப்பதுதான் நல்ல குடும்பத்துக்கு அடையாளம் என்று நினைக்கும் ஊரில் இது கொஞ்சம் கூச்சமான தொழில்.

வண்ணாத்திப்பூச்சியைப் படமெடுக்க வரும் புதியவர்கள் பூவின் பக்கத்தில் காத்து நிற்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தேன் குடிக்க எந்தப் பூச்சியும் எந்தப் பூவுக்கும் வரும். மூக்குத்திப்பூவில் பத்து இனம் மாறி மாறி உட்காரும். ஆனால் முட்டையிடுவதற்கு ஒவ்வொன்றும் தன் இலையைத் தேடித்தான் வந்தாக வேண்டும். கறுப்பு இறக்கையும் சிவப்பு உடலுமாக வரும் கிறிம்சன் றோசுக்கு ஆடுதின்னாப்பாளை. செம்மஞ்சள் நிறமான பிளெயின் ரைகருக்கு எருக்கலை. வெளிர்மஞ்சளாகக் கூட்டமாய்ப் பறந்து போகுமே, சிவனொளிபாதமலைக்குச் சாகப் போகின்றன என்று தெற்கில் சொல்வார்களே, அந்த எமிகிரன்ற் இனங்களில் ஒன்றுக்கு ஆவரசு. பூவைக் காவல் காத்தால் எது வரும் என்பது அதிர்ஷ்டம். இலையைக் காத்தால் யார் வருவார் என்று முன்கூட்டியே தெரியும். எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தால் வருவார் என்பதும் இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆடுதின்னாப்பாளையில் இருக்கும் நஞ்சு மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதைத் தின்று வளரும் புழு அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இறக்கை முளைத்த பிறகும் அது உள்ளேயே இருக்கும். எருக்கலை இலையைத் தின்று வளரும் பிளெயின் ரைகரும் அப்படித்தான். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுமுறை கிட்டப் போகாது. ஆகவே இவற்றுக்கு ஓடித் தப்ப வேண்டிய தேவையில்லை. ஆறுதலாக, தாழ்வாக, மைனர் வீதியுலாப் போவதுபோல் பறக்கும். ஆடுகள் நஞ்சுச் செடிகளை மிச்சம் விட, அந்தச் செடிகள் நஞ்சுப் பூச்சிகளை வளர்க்க, அந்தப் பூச்சிகள் கமராவுக்கு முன்னால் நிதானமாகப் பறக்கின்றன. தீவில் எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம். என் கைத்திறமை மிச்சக் கால்வாசிக்குள்தான்.

நிதானம் என்றாலும் கிறிம்சன் றோஸ் ஓரிடத்தில் அடங்காது. தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கைகள் துடித்துக்கொண்டே இருக்கும். முழுவதையும் உறைய வைக்க ஆயிரத்தில் ஒரு வினாடி வேண்டும். நான் இப்போது அதைச் செய்வதில்லை. நூற்று இருபத்தைந்தில் ஒரு வினாடிக்கு இறக்கி, தலையிலும் உடலிலும் போக்கஸ் வைத்து, இறக்கையைப் புகையாக விட்டுவிடுகிறேன். அட்டையில் குத்திக் காயவைத்த பூச்சிக்கும் வளவில் பறந்த பூச்சிக்கும் படத்தில் வேறுபாடு தெரிய வேண்டாமா? கறுப்பு நிறத்தைக் கண்டு கமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிவப்பு வெந்துபோகும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டொப்பாவது குறைத்தால்தான் சிவப்புப் புள்ளிகளில் நிறம் தங்கும்.

உடல் தெரியும்படி பக்கவாட்டில் எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொமன் மோர்மன் என்ற இனத்தில் ஒருவகைப் பெண், நஞ்சேதும் இல்லாமலே கிறிம்சன் றோசின் உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளர்ந்தது. குருவிக்கு நல்ல சாப்பாடு. மேலிருந்து இறக்கையை மட்டும் எடுத்தால் எது அசல், எது வேடம் என்று பழகிய கண்ணும் தடுமாறும். உடலைப் பார்க்க வேண்டும்: அசலின் தலையும் வயிறும் சிவப்பு, வேடக்காரியின் உடல் கறுப்பு. லின்னேயஸ் 1758இல் அசலுக்கு எக்டர் என்றும் வேடம் போடும் இனத்துக்குப் பொலிற்றஸ் என்றும் விஞ்ஞானப் பெயர் வைத்தார். கிரேக்கக் கதையில் இருவரும் திரோய் மன்னன் பிரியாமின் பிள்ளைகள், அண்ணன் தம்பி. ஒன்று மற்றதன் வேடம் போடுவது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெண்ணுக்கு இந்த வேடத்தைத் தைத்துக் கொடுப்பது ஒரேயொரு மரபணு என்று குண்டே என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2014இல் கண்டுபிடித்து எழுதினார்கள். துரத்திப் பார்த்தாலும் குட்டு வெளிப்படும்: அசல் பதறாது, வேடக்காரி பிய்த்துக்கொண்டு ஓடுவாள்.

நஞ்சில்லாத இனங்கள்தான் உண்மையில் வேலை வாங்கும். வறண்ட பகுதிகளுக்கே உரிய சிறிய சால்மன் அராப் வெயில் ஏறினால் இயங்குப் பத்தையைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர உட்காராது. அதைத் துரத்துவது வீண். காலை ஏழு மணிக்கு முன் போனால் பத்தையின் கிழக்குப் பக்கத்தில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உடல் சூடேறும்வரை அதனால் ஒழுங்காகப் பறக்க முடியாது. அந்த அரைமணி நேரம் என்னுடையது. என் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது.

தேட்கொடுக்கைப் பற்றி ஒரு தந்திரம் சொல்கிறேன். ஒரு செடியைப் பிடுங்கி, வாடவிட்டு, வேலியில் தலைகீழாகக் கட்டிவிடுங்கள். நீலவரிப் புலி, கறுப்புக் காக்கை என்னும் வண்ணாத்திப்பூச்சிகள் வந்து மொய்க்கும், பெரும்பாலும் ஆண்கள். பெண்ணை மயக்கும் வாசனையைத் தயாரிக்க அந்தச் செடியின் கைப்புச் சாறு அவற்றுக்கு வேண்டும். குடிக்கத் தொடங்கினால் உலகத்தை மறந்துவிடும். லென்சை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோகலாம்.

காட்டுப்பூக்கள் பறந்து போகா என்பதால் இலகு என்று நினைக்கக்கூடாது. நெருஞ்சிப்பூவை அதன் மட்டத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் நெருஞ்சி முள்ளின்மேல் படுக்க வேண்டும். ஒரு தடித்த சாக்கு என் பையில் எப்போதும் இருக்கும். வெள்ளைத் தும்பைக்குச் சுண்ணாம்புக்கல் மண்ணின் வெளிச்சம் கீழிருந்தும் அடிப்பதால் குடை பிடிக்க ஆள் தேவை. விஷ்ணுகிரந்தியின் நீலத்தை முகில் மூடிய நாளில்தான் நம்பலாம். கார்த்திகைப்பூ வேலியில் பூத்தால் கண்டவர் எல்லோரும் போனை நீட்டுவார்கள். தமிழ்நாட்டுக்கு அது மாநிலப் பூ, அவ்வளவுதான். இங்கே அதைப் படமெடுத்து எவருக்காவது அனுப்பினால் ஒளியைப் பற்றியோ பின்னணியைப் பற்றியோ ஒருவரும் பேசமாட்டார்கள். பேச்சு வேறெங்கோ போய்விடும். எடுக்கிறேன். அனுப்புவது குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று. நாலு பக்கமும் கடல், தடுக்க மலையோ காடோ கிடையாது. ஒரு நூல் அளவுக்குத் தண்டு ஆடினாலும் மக்ரோ லென்சில் பூ சட்டத்துக்கு வெளியே போய்விடும். வாடைக் காற்றுக்கு நடுவே விடியற்காலையில் அடங்கும் பொழுது கிடைக்கும், கொண்டலோடு சமாளிக்கலாம். வைகாசியில் சோளகம் எழும்பினால் ஆவணிவரை கமராவை அரிசியோடு டப்பாவில் போட்டு மூடிவிடுவதுதான் புத்தி, உப்புத்தூள் லென்சைத் தின்னும். ஆகவே என் வருடம் மார்கழியில் தொடங்கிச் சித்திரையோடு முடிகிறது.

சித்திரையில்தான் சிக்கலும் வரும். பக்கத்து வளவுக்குச் சொந்தக்கார மாமி ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார்.

“தம்பி, வருசத்துக்கு வாறம். உந்தப் பத்தையளை வெட்டி வளவைச் செருக்கிவிடப்பு.”

“கிணத்தடிப் பக்கம் ஆடுதின்னாப்பாளையில புழு கிடக்கு மாமி.”

“ஐயோ, புழுவோ? அப்ப மருந்தடி.”

கறுப்பு உடலில் செம்முனைகள் நீட்டிக்கொண்டிருந்த புழுவின் படத்தை அனுப்பினேன். பதில் இல்லை. அது கூடு கட்டி இறக்கையோடு வெளிவந்தால் எப்படி இருக்கும் என்று கிறிம்சன் றோசை அனுப்பினேன். அதைத் தன் போனின் முகப்பில் போட்டுக்கொண்டார்; ஆனாலும் வளவைச் செருக்கத்தான் வேண்டும் என்றார். கடைசியில் படலையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் மொட்டையாகச் செருக்குவது, கிணற்றடியை வைகாசி வரைக்கும் தொடாமல் விடுவது என்று பேசித் தீர்த்தோம். மண்வெட்டியோடு வந்தவர் கிணற்றடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அரைவாசி செருக்கினாலும் கூலி முழுசுதான் என்றார். மாமி அதற்கும் சம்மதித்தார்.