பெட்டியும் மூட்டையும்

உதகமண்டலத்தில் வசிக்கும் என் உறவினர் ஒருவர் சென்ற மாதம் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். அடுத்த தைப்பூசத்துக்குக் குடும்ப சகிதமாகப் பினாங்குக்கு வரப்போவதாகவும், தாம் குளிர்ப் பிரதேசத்திலேயே பிறந்து வளர்ந்தவராதலால் உஷ்ணமும் ஈரமும் மிகுந்த ஊருக்கு என்னென்ன வஸ்துக்களைப் பெட்டியில் வைக்கவேண்டுமென்று தமக்குத் தெரியவில்லையென்றும், ஆங்கிலம் படித்துத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நான் ஒரு ஜாபிதா தயாரித்து அனுப்பினால் பெரிய உபகாரமாயிருக்குமென்றும் அதில் கண்டிருந்தது. ஜாபிதா எழுதுவது எனக்குக் கைவந்த தொழில். உரமூட்டை இத்தனை, அரிவாள் இத்தனை, கையுறை இத்தனை என்று நாள்தோறும் எழுதுகிறவனுக்கு ஒரு பிரயாணப் பெட்டியின் ஜாபிதா எம்மாத்திரம்? இருந்தும் இரண்டு வாரம் பேனா ஓடவில்லை. அத்தகைய ஜாபிதா ஒன்றை நான் முன்னமே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அது என் மகளின் உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது.

நான் கணக்கெழுதும் செம்பனைத் தோட்டம் பத்து காவானுக்கு அணித்தே இருக்கிறது. பத்து காவான் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாயிருந்த பூமி. நம்மவர்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டுக் கரும்பு வெட்டினார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. இப்பொழுது அவற்றிலும் பெரும்பகுதி போய்த் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. 2014 மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் நீளமுள்ளது, பத்து காவானிலிருந்துதான் கடலைத் தாண்டித் தீவுக்குப் போகிறது. ஆகவே ஜார்ஜ் டவுனுக்குப் போவது எங்களுக்கு இன்று ஒரு பிரயாணமே அல்ல. ஆனால் தோட்டத்து ஜனங்கள் தைப்பூசத்துக்குப் போகும்போது மாத்திரம் அதைப் பிரயாணமாகவே நடத்துவார்கள். முதல்நாளே மூட்டை கட்டுவார்கள்.

2019-ஆம் வருஷம் ஜனவரி 21-ஆம் தேதி தைப்பூசம். மகளுக்கு அப்பொழுது நான்கு வயது. அவளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை இரண்டு ஜோடி, என் துணைவியாருக்குக் காஞ்சிபுரம் சேலை இரண்டு, நகைப்பெட்டி, எனக்குச் சரிகை வேட்டி, மாலையில் பட்டணத்து நண்பர் வீட்டு விருந்துக்கு உடுத்தக் கோட்டும் நெக்டையும், அத்தர், பவுடர், காமிரா: இவ்வளவும் என் ஜாபிதாவில் இருந்தன. தண்ணீர்ப் புட்டி இல்லை. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன். “ஏங்க, பிள்ளைக்கு ஒரு பருத்திக் கவுனும் வைக்கட்டுமா?” என்று துணைவியார் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே மறைப்பது நேர்மையாகாது. “கிராணி வீட்டுப் பிள்ளை லயத்துப் பிள்ளைமாதிரியா பட்டணத்துக்கு வரும்?” என்றேன். அவர் பேசாமல் கவுனைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். தண்ணீர்மலை செல்லும் வீதியில் ஜனசமுத்திரம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கில் மழை குறைந்தவை. மேகமில்லாத ஆகாயத்திலிருந்து வெயில் நேரே இறங்கிற்று. தார்ச்சாலை கீழிருந்து கொதித்தது. பந்தல்களில் கொடுத்த ரோஜாச் சர்பத்தை மகள் இரண்டு முறை குடித்தாள், இரண்டாவதை வாந்தியெடுத்தாள். முகம் செக்கச்சிவந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், குழறினாள். பிறகு என் தோளில் தலை தொங்கிவிட்டது. தொட்டுப்பார்த்தால் தேகம் அனல்.

சுற்றி நின்றவர்கள் உதவிக்கு வராமலில்லை. ஒருவர் கண்ணேறு பட்டுவிட்டதென்று திருநீறு பூசினார். இன்னொருவர், சாமி வந்திருக்கிறது, கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாமவர் சர்பத்தைக் கொண்டுவந்து குழந்தையின் வாயைத் திறக்க முயன்றார். படித்தவனாகிய நான் கையில் காமிராவோடு விழித்துக்கொண்டு நின்றேன்.

அப்பொழுது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்குடிப் பிள்ளைகளைப் பார்த்தவர். அவரை ஊரே ஆயா என்றுதான் அழைக்கும். காலையில் பாலத்தின்மேல் எங்கள் வண்டி அவர்கள் ஏறியிருந்த பஸ்ஸைத் தாண்டிவந்ததை நான் பார்த்திருந்தேன், கையசைக்கவில்லை.

“மயக்கத்துல வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, பொறையேறிப்போகும்” என்று அவர் முதலில் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “கிராணி ஐயா, பிள்ளைய மரத்தடிக்குத் தூக்கிட்டு வாங்க” என்றார். மரத்தடியில் கிடத்தியவுடன் பாவாடை நாடாவை அவிழ்த்தார். “இத்தனை பேர் முன்னாலயா?” என்று என் துணைவியார் தயங்கினார். “உசிருக்கு முன்னால மானம் என்னம்மா, நாலு வயசுப் பிள்ளைக்கு?” என்று சொல்லிக்கொண்டே பட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தம் மூட்டையிலிருந்து ஒரு பழைய கைலியை எடுத்து, புட்டித் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் மேல் போர்த்தினார். வேட்டித் துண்டொன்றை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாற்றிமாற்றி ஒற்றினார். என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, “விசிறுங்க, நிறுத்தாதீங்க” என்று கட்டளையிட்டார். நான் விசிறினேன். பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ தெரியாது. குழந்தை கண்ணைத் திறந்து தாயைத் தேடிற்று. முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கிச் சென்றபோது, அவ்வளவு ஆறிய பிறகும், வெப்பமானி 39 டிகிரிக்கு மேல் காட்டிற்று. அங்கிருந்த வைத்தியர், “துணியைக் கழற்றி நனைத்தது யார்?” என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன், ஆயா பின்தொடர்ந்து வரவில்லை.

அந்த மூட்டையில் இருந்தவற்றை மரத்தடியிலேயே கண்டேன்: ஒரு கைலி, கிழிந்த வேட்டித் துண்டுகள், இரண்டு புட்டித் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பொட்டலம், ஓர் அட்டை. எங்கள் பெட்டியோ வண்டியில் பூட்டிக் கிடந்தது.

வீடு திரும்பிய பின் இதன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். வெப்பம் மிகுந்தபோது நம் தேகம் உஷ்ணத்தைத் தள்ளுவது முக்கியமாக வியர்வையால். வியர்வை வழிந்து சொட்டினால் பயனில்லை. தோலின்மேல் ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. வறண்ட காற்றில் இது சீக்கிரம் நடக்கும். பினாங்கிலோ பகலின் உஷ்ணம் 31, 32 டிகிரிதான்; சென்னையின் கத்திரி வெயிலோடு ஒப்பிட்டால் அற்பம்; ஆனால் காற்றின் ஈரம் சராசரியாக நூற்றுக்கு 80-ஐ ஒட்டி நிற்கிறது. முன்னமே நீரால் நிறைந்த காற்று நம் வியர்வையை வாங்க மறுக்கிறது. அதன்மேல் நாமும் இறுக்கிக் கட்டி மூடினால் என்ன ஆகும்? பட்டு நூலின்மேல் குற்றமில்லை; உள்ளே வைத்துத் தைத்த நைலான் லைனிங்கும், கழுத்துவரை இழுத்துப் பூட்டிய சட்டையும், அதன்மேல் கனத்த சரிகையும், அதன்மேல் நகையும் சேர்ந்து என் குழந்தையை ஒரு மூடிய பானையாக்கிவிட்டன. பானைக்குள் சர்பத்தை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இதைப் படிக்கும்போது வேறொரு விநோதமும் தெரியவந்தது. உஷ்ணதேசத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களின் பெட்டிகளைப்பற்றிச் சொல்லுகிறேன். காலரா வராதிருக்க வயிற்றைச் சுற்றிக் கம்பளித் துணியால் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். வயிற்றில் குளிர் தட்டுவதால்தான் காலரா உண்டாகிறதென்பது அவர்கள் நம்பிக்கை. சூரியகிரணம் முதுகெலும்பைத் துளைத்துவிடுமென்று அஞ்சி, பஞ்சு வைத்துத் தைத்த திண்டு ஒன்றைச் சட்டையின் முதுகில் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. தக்கைத் தொப்பியில்லாமல் வாசலைத் தாண்டுவது தற்கொலைக்குச் சமானமென்று எண்ணினார்கள். 1854-இல் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் லண்டனில் காலரா குடிநீரால் பரவுவதைக் காட்டினார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அதன் கிருமியை உறுதிப்படுத்தினார். அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அந்தப் பட்டை படைவீரர்களின் இடுப்பைவிட்டு அவிழவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் தக்கைத் தொப்பியில்லாமல் வெயிலில் உழைத்தும் கெடுதியொன்றும் நேராததைக் கண்ட பிறகே அந்தத் தொப்பியின் மகிமையும் ஒழிந்தது. கண்ணேறுக்குத் திருநீறு பூசினவரைப் பார்த்து அன்று எனக்குள் சிரித்தவன் நான். ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்த தாயத்து தாயத்தாகத் தெரிவதில்லை. என் பெட்டியிலிருந்த கோட்டையும் நெக்டையையும் வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

என் பாட்டனார் ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து பினாங்கில் இறங்கியவர். அவருடைய தகரப்பெட்டி இன்னும் எங்கள் வீட்டிலிருக்கிறது. அக்கரைச் சீமையில் துரைகளைப் பார்க்கவேண்டுமே என்று அவரும் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாராம். ஒருநாளும் போட்டதில்லை, பூஞ்சணம் பூத்து, பூச்சி அரித்து, கடைசியில் அது அடுப்புத்துணி ஆயிற்று என்று பாட்டி சொல்லுவார். அந்தக் கோட்டின் பேரன்தான் என் கோட்டு.

நிற்க, அந்த மூட்டையிலிருந்த கைலியைப்பற்றி ஒரு செய்தி. மலாய்க்காரர் வீட்டில் உடுத்தும் கட்டம்போட்ட கைலியை அவர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான். சோழமண்டலக் கரையின் துணி கப்பலேறி வந்து இந்தத் தேசத்தின் வீட்டுடையாகவே ஆகிவிட்டது. காற்று கீழிருந்து ஏறி மேலே போக வழிவிடும் உடை. உடுத்தலாம், போர்த்தலாம், ஏணை கட்டலாம், நனைத்துக் குழந்தையின் ஜுரத்தை இறக்கலாம். இதைக் கூலிக்காரன் உடையென்று ஒதுக்கிவைத்தவர்கள் நாமே. இந்நாட்டு அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வியாழக்கிழமைகளில் கோட்டை விட்டுப் பாத்தேக் சட்டை அணிகிறார்கள். அதனால் அவர்களுடைய கௌரவம் குறைந்ததாக ஒருவரும் சொல்லக் கேட்டிலேன்.

கடைசியில் உறவினருக்குப் பதில் எழுதினேன். பட்டு வேண்டாம், நகை வேண்டாம், கம்பளி அறவே வேண்டாம். தளர்ந்த பருத்தியுடை மூன்று ஜோடி போதும், இரவில் துவைத்தால் இந்த ஈரத்தில் காலைக்குள் காயாது, ஆகையால் இரண்டு போதாது. நனைந்தாலும் நடக்கக்கூடிய செருப்பு. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. தோல் பையைத் துடைத்துக் காற்றாட வையுங்கள், மூடிவைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உடம்பு தளர்ந்தால் குடிக்க, ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற கணக்கில் பொட்டலம் கட்டி வாருங்கள். நடுப்பகலில் ஜார்ஜ் டவுனின் பழைய வீதிகளில் கடைகளுக்கு முன்னுள்ள ஐந்தடியை விட்டு இறங்காதீர்கள். 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த அந்த நிழல் நடைபாதை பினாங்குக்கும் வந்தது நம் பாக்கியம். ஒரு சால்வையும் இருக்கட்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இங்கே பஸ்ஸிலும் அங்காடிகளிலும் குளிர்சாதனம் உதகமண்டலத்தைத் தோற்கடிக்கும்.

ஆயாவின் கைலியைப்பற்றியும் எழுதினேன். தைப்பூசம் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை அதைத் துவைத்து மடித்து, கடையில் வாங்கிய புதுக் கைலி ஒன்றையும் அதன்மேல் வைத்து, லயத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். அந்த வாசலில் நான் அதற்குமுன் பெயர்ப்பதிவுப் புத்தகத்தோடுதான் நின்றிருக்கிறேன். மகள் ஓடிப்போய் ஆயாவின் மடியில் ஏறிக்கொண்டாள். ஆயா பழைய கைலியை எடுத்துக்கொண்டார். புதியதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க, ஐயா. இதுல கஞ்சி இருக்கு, தண்ணி குடிக்காது. நீங்களே கட்டிக்கிட்டு நாலு மாசம் துவைங்க. துணி துவண்டப்புறம் கொண்டாங்க, வாங்கிக்கிறேன்.”

கட்டிக்கொண்டேன். அலுவலகத்துக்கு அல்ல, மாலையில், வீட்டு வாசலில், ஜனங்கள் பார்க்கத்தான். உறவினருக்கு எழுதிய கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: புதுத்துணி வாங்க வேண்டாம், உங்கள் வீட்டில் துவைத்துத் துவைத்து இற்றுப்போன வேட்டி இருந்தால் அதை முதலில் பெட்டியில் வையுங்கள்.