கிளாஸ் லீடர்கூட இல்லை, அமெரிக்காவுக்கு விண்ணப்பம்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் அவள். அப்பாவுக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. ‘சூசி’ திட்டம் பற்றி சீனியர் அக்கா ஒருவர்தான் சொன்னார். பல நாட்டு மாணவத் தலைவர்களுக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்துவது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சுமார் 5 வாரம் படிப்பு, சேவைப் பணி. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. முடிந்ததும் ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர வேண்டும்.

“நான் கிளாஸ் லீடர்கூட இல்லையேக்கா” என்று தயங்கினாள். அமெரிக்காவையே பார்க்காதவர்களுக்குத்தான் அதில் முன்னுரிமை என்றார் அக்கா. (நாம் குறை என்று நினைப்பது அங்கே தகுதி!) தெருப் பிள்ளைகளுக்கு சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித் தருகிறாளே, அதையே கட்டுரையாக எழுதினாள்.

“ஒத்தையிலயா தாயி, அம்புட்டு தூரம்?” என்று அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், கூலியை விட்டுவிட்டு பாஸ்போர்ட் எடுக்க அவரே கூட வந்தார்.

விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட் பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாதான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார்.