கல்லுக்கு முன்னால் ஒரு குரல்

சென்ற வருஷம் திருவள்ளூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் என் வங்கிக்கே வந்து ஒரு காரியத்தை ஒப்படைத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைப் பூண்டிக்கு அழைத்துப் போகிறார். அங்கே தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்கருவிகளுக்கு நான் விளக்கம் எழுதித் தர வேண்டும். அதைப் பிள்ளைகள் எந்தச் சாதனத்தில் கேட்பது என்பதையும் நானே தீர்மானிக்க வேண்டும். கவிதைக்கு விளக்கம் எழுதுகிறவனுக்குக் கல் எம்மாத்திரம் என்று நினைத்திருப்பார்.

சாதனத்தை முதலில் யோசித்தேன். காதில் மாட்டும் கருவி என்றால் 40 வேண்டும். ஒருவர் காதிலிருந்து எடுத்ததைத் துடைத்து இன்னொருவருக்குத் தர ஆள் வேண்டும். 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் மியூசியத்தில் சிற்றலை வானொலி மூலம் விளக்கம் ஒலிபரப்பினார்கள். கருவி வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரே வாக்கியம் கேட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். நம் இலக்கிய ரசனை பல காலமாக இப்படித்தான் நகர்ந்து வருகிறது என்பதால் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

தனிச் செயலி என்பது ஒரு நாள் காரியத்துக்கு அதிகம். மிஞ்சியது க்யூ.ஆர். குறி. ஜப்பானில் டென்ஸோ நிறுவனத்தில் 1994இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உண்டாக்கியது அது. கும்மிடிப்பூண்டிக் கிளையில் நான் இருந்த இரண்டு வருஷமும் சிப்காட்டுக்குப் போகிற பெட்டிகளின் மேல் அந்தக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்திருக்கிறேன். இன்று டீக்கடைக் கல்லாவிலும் அதுதான். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு போன், மொத்தம் எட்டு போன், கையில் ஓர் அட்டை என்று முடிவாயிற்று.

பிறகு எழுத உட்கார்ந்தேன். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்திலும், பிறகு வில்லியம் கிங்குடன் இங்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வு. அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷ வயது என்று 2011இல் வெளியான முடிவு. அடுத்த கட்டக் கருவிகள் சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்பே இங்கே தொடங்கிவிட்டன என்ற 2018ஆம் வருஷக் கட்டுரை. எதையும் விடவில்லை. ஆறு நிமிஷம் வந்தது. என் குரலிலேயே பதிவு செய்தேன். திருப்தியாக இருந்தது.

பூண்டியில் நடந்தது வேறு. பிள்ளைகள் போனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். என் குரல் எட்டுப் போன்களிலிருந்து சற்று முன்பின்னாகக் கேட்டது. ஒருவரும் கல்லைப் பார்க்கவில்லை. ஆறு நிமிஷமானதும் அடுத்த குறிக்குப் போனார்கள். கல் அங்கேயே இருந்தது.

வேன் ஓட்டிவந்தவர் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "எங்கம்மா தெருத்தெருவா அம்மி கொத்தினவங்க சார். அது உளி வேல. இது உளி வெச்சதில்ல. கல்லாலயே கல்ல அடிச்சிருக்கான். ஓரம் பாருங்க, சில்லு சில்லா பேந்திருக்கு. அடி தப்பியிருந்தா வெரலு போயிருக்கும்" என்றார். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் அங்கே வந்துவிட்டார்கள். அவர் 15 லட்சம் என்று சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த அந்த எண்ணை நான் சொல்லியும் யாரும் கல்லைப் பார்க்கவில்லை.

இதிலிருந்து தகவல் வேண்டாம் என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். அந்த எண் இல்லாவிட்டால் விரலை மடக்கிய கை எத்தனை தூரத்துக்கு நீள்கிறது என்பதே தெரியாது. என் தப்பு வரிசையில் இருந்தது. பார்ப்பதற்கு முன்னாலேயே, பார்த்து முடித்தவனுடைய குரலை நான் கொடுத்துவிட்டேன்.

இதே தப்பை வேறு இடத்திலும் செய்து வருகிறேன் என்பதுதான் விஷயம். வங்கியில் ஒருவர் சொன்னார்: "உங்க கட்டுரை படிச்சேன் சார், அந்தக் கவிதைகளைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டீங்க." பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

நண்பர் இந்த வருஷமும் பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துப் போகிறார். பதிவை இரண்டு நிமிஷமாகக் குறைத்திருக்கிறேன். குறி அச்சிட்ட அட்டையை, எல்லாம் பார்த்து முடித்து வேனில் ஏறும்போது கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதே வேன்தானா என்றும் விசாரித்துக்கொண்டேன்.

இன்னொரு காரியம் பாக்கி. ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுதிக்கு 16 பக்கத்தில் முன்னுரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நாலு பக்கமாக்கிப் புத்தகத்தின் கடைசியில் போடச் சொல்லி நேற்றுக் கடிதம் எழுதினேன். முன்னால் என் பெயர் இருந்தால் நாலு பிரதி கூடப் போகும் என்று அவர் நம்பியிருந்தார். பதில் இன்னும் வரவில்லை.