பந்தும் வாளும்

சித்திரக் கதை என்றால் சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மழை விடாது பெய்த ஒரு நாள், பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் நுழைந்துவிடுமோ என்று அஞ்சி, சரக்குகளை மேல்தட்டுகளில் அடுக்கிவிட்டுக் கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்தேன். வேறு வேலையில்லை. மகன் தோழனிடம் இரவல் வாங்கி வந்திருந்த ஆங்கிலப் புத்தகமொன்று மேசையில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். விளக்கு வைக்கும் நேரமாகியும் கீழே வைக்க மனம் வரவில்லை.

அது ஜப்பானியச் சித்திரக் கதை. மூலப் பெயர் ‘கொசுரே ஓகாமி’. குட்டியுடன் திரியும் ஓநாய் என்று பொருள் கொள்ளலாம். கசுவோ கொய்கே எழுத, கோசெகி கொஜிமா வரைய, 1970 முதல் 1976 வரை வார இதழொன்றில் வெளிவந்து, பின்னர் 28 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. கொஜிமா மாளிகையில் வளர்ந்த ஓவியரல்லர். திரைப்படக் கொட்டகைகளுக்கு விளம்பரப் படம் தீட்டியவர்; தெருவோரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டும் காகிதப்பட நாடகத்துக்கு வரைந்தவர்; வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகளுக்காகச் சித்திரக் கதை வரைந்து பிழைத்தவர். உழைப்பாளியின் கைவண்ணம் அப்பக்கங்களில் தெரிகிறது. சேற்றில் நிற்கும் குடியானவனின் முதுகை, பிரபுவின் பட்டாடையை விட அதிக அக்கறையோடு அவர் வரைந்திருக்கிறார்.

கதை தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் நிகழ்கிறது. 1603 முதல் 1868 வரை நீடித்த அவ்வாட்சியில், விளைந்த நெல்லில் பெரும்பங்கை உழவன் வரியாகக் கொட்டினான்; அதில் வயிறு வளர்த்த வாள்வீரர் கூட்டம் அவன் தலைமீது அமர்ந்திருந்தது. ஒகாமி இத்தோ அரசாங்கத்தின் சிரச்சேத அதிகாரி. யாக்யூ குலத்தாரின் சூழ்ச்சியால் மனைவியையும் பதவியையும் இழக்கிறான். எஞ்சியது தவழும் பருவத்து மகன் டைகோரோ மட்டுமே. குழந்தையை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கூலிக்குக் கொலை செய்பவனாக ஊர் ஊராக அலைகிறான். ஒரு தலைக்கு 500 பொற்காசு.

புறப்படுமுன் அவன் செய்யும் ஒரு காரியமே என்னை உலுக்கியது. குழந்தையின் முன் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் குழந்தையைக் கொன்று, இறந்துபோன தாயிடம் அனுப்பிவிடுவான். வாளைத் தொட்டால் தன்னோடு அழைத்துச் செல்வான். குழந்தை தவழ்ந்து சென்று வாளைத் தொடுகிறது.

குழந்தையே தெரிந்தெடுத்துவிட்டது என்று தந்தை ஆறுதல் கொள்கிறான். ஆனால் அந்த இரண்டை மட்டும் வைத்தவன் யார்? மூன்றாவது பொருளொன்றை வைக்க ஏன் அவனுக்குத் தோன்றவில்லை? அவன் பிறந்த வர்க்கம் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே விடை.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் நினைவுக்கு வந்தது.

திகனையில் மூண்ட இனவெறித் தீ அக்குறணைப் பக்கமும் பரவிய நாட்கள் அவை. அவசரகால நிலை பிரகடனமாயிற்று, ஊரடங்கு, முகநூலும் முடக்கப்பட்டது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வீதி அடைபட்டதால் அன்றாடக் கூலியிழந்து குந்தியிருந்த சிங்களத் தொழிலாளியின் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வெறியை மூட்டியவர்களின் அடுப்பு மட்டும் அணையவே இல்லை.

எங்கள் வீடு ஊரின் விளிம்பில் இருக்கிறது. வேலிக்கு அப்பால் ஒரு சிங்களக் குடும்பம். ஊரடங்கின் முதல் நாள் மகனின் பந்து வேலி தாண்டி அவர்கள் முற்றத்தில் விழுந்தது. அதுவரை நூறு முறை விழுந்து, நூறு முறையும் அவனே ஓடிப்போய் எடுத்து வந்த பந்துதான். அன்று நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, “அங்க போகாத” என்றேன். அந்த வீட்டார் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மூன்று நாட்கள் பந்து அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் அந்த வீட்டுச் சிறுமி அதை எடுத்து எங்கள் பக்கம் எறிந்தாள். காலடியில் வந்து நின்ற பந்தை மகன் தொடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “எடுக்கலாமா, வாப்பா?” என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

வாள் வீசியவர்களை நாம் எளிதில் அடையாளங் காண்கிறோம். வாய்ச்சொல் ஒன்றால் தன் பிள்ளையின் முன் வாளை வைத்தவனை யார் அடையாளங் காண்பது?

மீதித் தொகுதிகளையும் தேடிப் படித்தேன். முடிவில் ஒகாமி மாண்டு விழுகிறான். சிறுவன் முறிந்த ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, குலப்பகைவனான முதியவன் யாக்யூ ரெத்சுடோவை நோக்கி ஓடுகிறான். முதியவன் தடுக்கவில்லை. இரு கைகளையும் விரித்து அக்குத்தை மார்பில் ஏற்று, சிறுவனைப் பேரனாக அணைத்துக்கொள்கிறான். அத்தனை பிணங்களுக்குப் பிறகே அந்தக் கைகள் விரிகின்றன. நாமும் அத்தனை பிணங்களை எண்ணி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

மகன் இன்று என் தோளுயரம் வளர்ந்துவிட்டான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தப் பந்து நினைவிருக்கிறதா என்று தயங்கியபடி கேட்டேன்.

“இருக்கு, வாப்பா. நீங்க அன்டைக்குப் பதில் சொல்லல்ல” என்றான்.

அன்று மாலை நான் வேலியைச் சுற்றிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியது ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடன். முதியவர் கதவைத் திறந்து, மழையில் நனையாமல் உள்ளே வரும்படி அழைத்தார்.