இரண்டாம் குரல்

அந்தக் காஸெட்டின் மேல் ஊர்ப் பெயர் இல்லை. தேதி இல்லை. 'போர்டு' என்று மட்டும் ஆங்கிலத்தில் பென்ஸிலால் எழுதியிருக்கிறது. டேரில் ஹாலும் ஜான் ஓட்ஸும் ஏதோ ஒரு சிறிய அரங்கில் பாடியது. 'ரிச் கேர்ள்' இருக்கிறது. 'கிஸ் ஆன் மை லிஸ்ட்' இல்லை. ஆகவே 1976க்கும் 1980க்கும் நடுவில் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நாற்பது வருஷங்களாக இதைக் கேட்டு வருகிறேன். சரியாகத்தான் கேட்டு வந்தேன் என்று சென்ற மாதம்வரை நினைத்திருந்தேன்.

இவர்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரக்கூடும். வெகுஜன ஸங்கீதம்தான். 1977ல் 'ரிச் கேர்ள்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. 1982 ஜனவரியில் 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' பாப் பட்டியலில் மட்டுமின்றி, கறுப்பினத்தவர் ஸங்கீதத்துக்கென்று இருந்த பட்டியலிலும் முதலிடம் பெற்றது. வெள்ளையர் இருவருக்கு இது அபூர்வமான விஷயம். விற்பனை தரத்துக்குச் சான்று ஆகாது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். தரமின்மைக்கும் அது சான்று ஆகாது என்பதை அவ்வளவு அடிக்கடி சொல்வதில்லை.

இருவரும் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1967ல் அடெல்ஃபி என்ற நடன அரங்கில், ஆளுக்கொரு குழுவோடு பாட வந்திருந்தார்கள். உள்ளே இரண்டு கும்பல்களுக்கிடையே சண்டை மூண்டு துப்பாக்கி வெடித்தது. தப்பி ஓடிய இருவரும் சாமான் ஏற்றும் லிஃப்டில் சந்தித்துக்கொண்டார்கள். இந்தக் கதையை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்த நகரத்தின் ஸோல் பாட்டு அதற்கு முன்பே இருவருக்குள்ளும் ஏறியிருந்தது. தேவாலயத்திலிருந்து தெருமுனைக்கு வந்த பாட்டு அது. ஒருவன் முன்னால் நின்று பாட, மற்றவர்கள் பின்னாலிருந்து பதில் சொல்வார்கள். பின்னாலிருப்பவன் நிறுத்திக்கொண்டால் முன்னாலிருப்பவன் வெறுமே கத்துகிறவனாகிவிடுவான்.

போர்டு டேப் என்பது அரங்கில் உட்கார்ந்து யாரோ பதிவு செய்ததல்ல. மேடையிலுள்ள மைக்குகளும் வாத்தியங்களும் வந்து சேருகிற மிக்ஸரிலிருந்து நேரே ஒயர் போட்டு எடுப்பது. அதில் அரங்கம் இல்லை. சுவரில் மோதித் திரும்பும் ஒலி இல்லை. கைதட்டல்கூட, பாடகனின் மைக்குக்குள் தவறி விழுந்த அளவுக்குத்தான் கேட்கும். குரல்கள் மட்டும் காதுக்கு அருகில், மூச்சு வாங்குவது உட்பட. முதல் முறை கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பூச்சு இல்லாத செங்கல் சுவர் போலிருந்தது.

அதில்தான் ஓட்ஸின் குரலை முதலில் கேட்டேன். இசைத்தட்டுகளில் அது ஹாலின் குரலுக்கு அடியில் கரைந்து கிடக்கும். 'ஷீஸ் கான்' பாட்டை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஹாலின் மணமுறிவும், புத்தாண்டு இரவன்று ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்து ஓட்ஸ் ஏமாந்ததும் அதில் ஒன்றாகக் கலந்தன. டேப்பில் கீழ்ஸ்தாயியில் ஓட்ஸ் தரையில் காலூன்றி நிற்பது போலப் பாடுகிறார். அதன் மேல் ஏறித்தான் மற்றவர் பறக்கிறார். பதிவுக் கூடத்தில் ஒருவன் தன் குரலின் மேல் தன் குரலையே எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். மேடையில் ஒருவனுக்கு ஒரு தொண்டைதான்.

2022ல் ஹால் ஒரு பேட்டியில், ஓட்ஸ் தன் வியாபாரக் கூட்டாளிதான், படைப்பில் கூட்டாளி அல்ல என்றார். 'கிஸ் ஆன் மை லிஸ்ட்'டில் கேட்கும் துணைக் குரல்கள் எல்லாம் தன்னுடையவையே என்றும் சொன்னார். 2023 நவம்பரில் நாஷ்வில் நீதிமன்றத்தில் ஓட்ஸ் மீது வழக்குப் போட்டார். கூட்டு நிறுவனத்தில் தன் பங்கை ஓட்ஸ் வெளியாருக்கு விற்பதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்த டேப்பைக் கொண்டுபோய் நீதிபதி முன் போட வேண்டும் என்று மனசுக்குள் வாதாடினேன். கோபம் அளவுக்கு மீறியிருந்தது. அளவுக்கு மீறிய கோபம் பெரும்பாலும் பிறத்தியார்மேல் அல்ல.

1982 முதல் 1984 வரை நான் ஃபிலடெல்ஃபியாவில் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் அறையில் நானும் ஒரு நண்பரும். அவர் மாலை வேளைகளில் ஸங்கீதம் நடக்கும் ஒரு மதுக்கூடத்தில் கேபிள் இழுக்கும் வேலை பார்த்தார். மிக்ஸர் பார்ப்பவர் அவருக்குப் பிரதியெடுத்துக் கொடுத்தது இந்தக் காஸெட். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் அந்த ஊரில்தான், பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில், மருத்துவம் படித்தார் என்று தெரிந்த உற்சாகத்தில் அவர் கவிதைகளை மொழிபெயர்க்க ஆரம்பித்தோம். நண்பர் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிப்பார். பிறகு அதையே தமிழில், பேச்சில், சமையல் செய்துகொண்டே சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன், வரியாக்குவேன். பதினொரு கவிதைகள் தேறின. ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். வெளிவந்தன. கீழே என் பெயர் மட்டும் இருந்தது.

பத்திரிகை செய்த பிழையல்ல அது. அனுப்பியபோதே அப்படித்தான் எழுதியிருந்தேன். எழுதியவன் நான்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அப்போது போதுமானதாக இருந்தது. நண்பர் இதழைப் புரட்டிப் பார்த்து, "அச்சு நல்லா வந்திருக்கு" என்றார். சில மாதங்களில் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போனார். போகும்போது காஸெட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் பரிசு என்றே எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நேரே விஷயத்துக்கு வரத் தைரியமில்லை. டேப்பைப் பற்றி ஆரம்பித்தேன். அதில்தான் உண்மை இருக்கிறது, யார் என்ன செய்தார்கள் என்று அதில்தான் கேட்கிறது என்றேன்.

"டிரம்ஸ் கேக்குதா அதுல?" என்றார்.

"லேசா."

"சின்ன ஹால். டிரம்ஸும் கிட்டாரும் தானாவே காதைப் பொளக்கும். தூக்கிக் கொடுக்க வேண்டியதை மட்டும்தான் மிக்ஸர்ல ஏத்துவாங்க. ஹால்ல ரொம்ப சத்தமா இருந்தவன் டேப்புல இருக்க மாட்டான். அதை வெச்சு யாருக்கும் தீர்ப்பு சொல்லாதீங்க."

நாற்பது வருஷங்களாக உண்மை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது, உதவி தேவைப்பட்ட ஒலிகளின் பட்டியல் மட்டுமே. அந்த இரவு அரங்கில் இருந்தவர்களுக்கு ஓட்ஸின் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று இந்த டேப்பால் சொல்ல முடியாது. ஹாலின் கூற்றுக்கும் இது பதில் ஆகாது. எனக்கு வேண்டிய ஒரு வாதத்தை நான்தான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு கவிதைகளைப் பற்றிச் சொன்னேன். உங்கள் பெயரைப் போட்டிருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? இப்பவும் எங்கயும் பேர் போட்டுடாதீங்க" என்றார். பிறகு, "அந்த எட்டாவது கவிதை, புருஷன் செத்துப்போன பொம்பளை பேசற மாதிரி வருமே, அதுல முற்றம்னு போட்டிருந்தீங்க. நான் கொல்லைன்னு சொன்னேன். முற்றம்னா வாசல்ல, நாலு பேர் வந்து போற இடம். அவ இருக்கறது கொல்லையில. அப்பவே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

நோட்டு இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அவர் சொல்ல நான் வேகமாக எழுதிய எழுத்தில் 'கொல்லை' என்று இருக்கிறது. அது அடிக்கப்பட்டு, மேலே நிதானமாக 'முற்றம்' என்று எழுதியிருக்கிறது. காதுக்கு அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பேன். எழுதியது, அடித்தது, திருத்தியது மூன்றும் என் கையெழுத்து.